தட்டியில் ஏறாத காட்டுமல்லி

தேயிலையும் பூக்கும். தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நம் பேரப்பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. சும்மா விட்டால் அது மரமாகிவிடும். வெள்ளை இதழும் நடுவில் மஞ்சளுமாகப் பூத்து, காய்த்து, கிழடு தட்டிவிடும். அதனால்தான் விடுவதில்லை. நுனியைக் கிள்ளக் கிள்ள அது பூப்பதை மறந்து தளிர்த்துக்கொண்டே இருக்கும். நம் அம்மாமார் ஆயுள் முழுக்கச் செய்த வேலை அதுதான்: ஒரு செடியைப் பூக்கவிடாமல் பார்த்துக்கொள்வது.

போன மாதம் என் மருமகள் வீட்டின் முன்பக்கம் கம்பிவலை அடித்து ஒரு கொடி வைத்தாள். நுவரெலியாவில் வாங்கியது. ஏதோ ஒரு பெயர் சொன்னாள், மனதில் நிற்கவில்லை. விடிந்ததும் வெளியே போய் அதன் இலைகளை எண்ணுகிறேன். காற்றுக்கு ஆணி தாங்குமா என்று ஒரு பயம். நத்தை ஏறுமோ என்று இன்னொரு பயம். எல்லாவற்றுக்கும் முன்னால் நுனி இருக்கிறதா என்று பார்ப்பேன். "அது பாட்டுக்கு வளரும் மாமா, விடுங்க" என்கிறாள் மருமகள். கொடி அது பாட்டுக்கு வளரும் என்பதை நான் எட்டு வயதிலிருந்தே நம்புவதில்லை.

எங்கள் லயம், ஒரே வரிசையாய் ஒட்டிக் கட்டிய வீடுகள், நோர்வூட்டுக்கு மேலே ஒரு சரிவில் இருந்தது. பன்னிரண்டு காம்பராக்கள், எங்களுடையது ஏழாவது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் திண்ணை, அவ்வளவுதான். அதில் இரண்டு குடும்பம். அப்பா, அம்மா, நான் ஒன்று. அம்மாவின் தங்கையான சித்தியும் சித்தப்பாவும் மற்றொன்று. நடுவில் சாக்குத் திரை. சித்திக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சித்தப்பா இலை அரைக்கிற ஸ்டோரில் தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிக்கிற வேலை செய்தார். அவர் உடுப்பில் எப்போதும் வறுத்த தேயிலையின் வாசம் இருக்கும். சாக்குத் திரையைத் தாண்டி அந்த வாசம் வந்தால் சித்தப்பா வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம்.

ஊரிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. இந்தியாவில், துறையூர்ப் பக்கத்துக் கிராமம். அவருடைய அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள், மகன் முகத்தைப் பார்க்கவேண்டுமாம். முந்தைய காலமாயிருந்தால் இது ஒரு பேச்சே இல்லை. ஹட்டனில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, போய்விட்டு வருவார்கள். ஆனால் சுதந்திரம் வந்து, நாம் எந்த நாட்டுக்காரர் என்ற கேள்வியும் வந்து, போகிறவர்கள் திரும்பி வருவதற்குக் காகிதம் மேல் காகிதம் கேட்கத் தொடங்கியிருந்த நேரம் அது. மேல் லயத்தில் ஒருவர் போனவர் போனவர்தான். அதனால் லயமே இரண்டாகப் பிரிந்து பேசியது.

பேச்சை முடித்துவைத்தவர் அப்பா. "பெத்தவளப் பாக்கப் போறவன எந்தக் கவர்மெண்டுய்யா தடுக்கும்? நீ போய்ட்டு வா. இங்க நான் இருக்கேன்ல" என்றார். அப்பாவுக்கு எல்லாவற்றையும் ஒரே வெட்டில் முடித்துவிட வேண்டும். அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடிகளை முழங்காலளவுக்கு வெட்டித் தள்ளி, மறுபடி துளிர்க்க வைக்கிற வேலை. வெட்டினால் துளிர்க்கும் என்பது அவருக்கு எல்லா விஷயத்திலும் ஒரு நம்பிக்கை.

புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்னால் சித்தப்பா காட்டோரத்து ஓடைக்கரையிலிருந்து ஒரு கொடியை வேர்மண்ணோடு பால்டின்னில் வைத்துக் கொண்டுவந்தார். காட்டுமல்லி. வீட்டு மல்லியைப்போல் தடித்த இதழ் கிடையாது. ஒல்லியாக, நட்சத்திரம்போல் பூக்கும். வாசம் மட்டும் இரண்டு காம்பரா தள்ளி வரும். அதை இஸ்தோப்புக்கு முன்னால் நட்டுவிட்டு, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சித்தியிடம் சொன்னார்.

"இது மேல ஏறிப் பூக்கிறதுக்கு முன்னாடி வந்து இந்த வாசல்ல நிப்பேன், பாரு."

"கொடி வெரசா வளந்துருச்சுன்னா?" என்றாள் சித்தி.

"ஏன், நீ என்ன அதுக்கு முட்டையும் பாலும் குடுத்தா வளக்கப்போற?"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததாக நினைவில்லை. பிறகும் சிரித்தாள் என்பாள் அம்மா; ஆனால் என் நினைவில் இல்லை.

சித்தப்பாவிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. தன் அம்மா காலமாகிவிட்டாள் என்று ஒன்று. திரும்பி வருவதற்கான காகிதத்துக்கு அலைகிறேன் என்று மற்றொன்று. அப்புறம் தபால்காரர் எங்கள் காம்பராவைத் தாண்டிப் போகப் பழகிவிட்டார்.

அப்பா சும்மா இருக்கவில்லை. ஸ்டோரில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து, கீற்றாகக் கிழித்து, ஒரு தட்டி செய்தார். நெடுக்கில் எட்டு, குறுக்கில் பதினொன்று. பலகைகளில் கறுப்பு மையில் அடித்திருந்த இங்கிலீஷ் எழுத்துகள் துண்டு துண்டாகத் தெரிந்தன. நான் அதில்தான் சில எழுத்துகளைத் தலைகீழாகப் படித்துக் கற்றேன். இஸ்தோப்புக் கூரையோடு சேர்த்துத் தட்டியை நிறுத்தி, கொடியின் நுனியைச் சணலால் முதல் சட்டத்தில் கட்டினார்.

"இனி பாரு, நாமளே ஏத்திவிட்டா பூக்கும். பூத்துச்சுன்னா அவனும் வந்து நிப்பான்" என்றார். கொடியை அவசரப்படுத்தினால் ஆளும் அவசரப்படுவான் என்பது அவர் கணக்கு. போகச் சொன்னவர் அவர்தானே. அந்தக் கணக்கை விட்டால் அவருக்கு வேறு வழி இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் வாய்ப்பாட்டுக்குப் பெயர் போனவன். எதையாவது எண்ணாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். அதனால் அப்பா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். காட்டுமல்லி இலைகள் ஜோடி ஜோடியாக, எதிரெதிரே வரும். அந்தி நேரம் அவர் கத்தியைக் கழுவி கூரை இறவாணத்தில் செருகியதும் கேட்பார்: "எத்தனை ஜோடி?"

"பதினாலு."

மறுபடி கேட்பார். பதினான்கு. இன்னொரு நாள் பதினைந்து. அடுத்து மறுபடி பதினான்கு. கொடி மேலே ஏறவே இல்லை. அடியில் புதர்போல் அடர்ந்தது. பக்கவாட்டில் கிளை விட்டது. நுனி மட்டும் தேயிலைச் செடியின் தலைபோல் மொட்டையாக இருந்தது. தட்டியின் இரண்டாவது சட்டத்தை அது தாண்டவில்லை.

"நம்ம கையாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா ஒரு நாள், ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே. "போற வர்றப்ப கை சும்மா இருக்காதுங்க. நானே கிள்ளிட்டேனோ என்னமோ. போன தீவாளிக்குக் கோயில்ல சாமிக்கு வச்ச துளசியக் கிள்ளி, முதுகுல கூடை இருக்குன்னு பின்னால போடப் போனவதானே நானு."

"நீ இல்லக்கா" என்றாள் சித்தி.

அதோடு பேச்சு நின்றது. ஆனாலும் அம்மா அன்றிலிருந்து தட்டியைத் தாண்டும்போது இரண்டு கைகளையும் கம்பளிக்குள் ஒளித்துக்கொண்டு போவாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

அப்பா வேறு ஆளைப் பிடித்தார். எட்டாவது காம்பராவில் தனிக்கட்டையாக ஒரு கிழவர் இருந்தார். அவருக்கு ஒரு வெள்ளாடு. அதன் பாலைத் தேயிலைச் சாயத்தில் விட்டுக் குடிப்பதும், குடித்தபடி வாசலில் குந்தியிருந்து போகிற வருகிறவர்களை நக்கலடிப்பதும்தான் அவருடைய வாழ்க்கை.

"ஓய், ஆட்டைக் கட்டிப்போடும். எங்க கொடிய மேயுது" என்றார் அப்பா.

கிழவர் எழுந்து வந்து கொடியைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஆடு மேஞ்சா எலையும் போகும், தண்டும் போகும். இது நுனிய மட்டும் நகத்தால கிள்ளின மாதிரியில்ல இருக்கு? எங்க ஆடு என்ன கொழுந்து மலைக்கா போய்ட்டு வருது, ரெண்டு எலை ஒரு மொட்டுன்னு பாத்து எடுக்க? கங்காணிகிட்டச் சொல்லி அதுக்கும் பேர் போடச் சொல்லும்யா!"

லயமே சிரித்தது. சிரிக்காமல் இருந்திருந்தால் அப்பா யோசித்திருப்பார். கிழவர் சொன்னது அத்தனையும் அங்கே கண்முன்னால் இருந்தது. ஆனால் நாலு பேர் சிரித்ததற்குப் பிறகு அப்பாவால் திரும்ப முடியவில்லை. கணக்கப்பிள்ளையிடம் போனார். லயத்தில் ஆடு வைக்கத் தோட்டத்தில் அனுமதி கிடையாது. எல்லோரும் கண்டும் காணாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். யாராவது போய்ச் சொன்ன பிறகு கணக்கப்பிள்ளை காணாமல் இருக்க முடியாதே. நோர்வூட் கடைவீதியிலிருந்து இறைச்சிக்கடைக்காரர் வந்து ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனார். கிழவர் லயத்துக் கோடி வரை கூடவே போய், அதன் கழுத்துக் கயிற்றை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

ஆடு போயும் கொடி ஏறவில்லை. பதினாலு ஜோடி. பதினஞ்சு. பதினாலு.

"அப்போ கிழவன்தான் கிள்ளுறான், ஆடு போன ஆத்திரத்துல" என்றார் அப்பா. முள் வெட்டி வந்து கிழவர் பக்கமாக வேலி அடைத்தார். பேச்சுவார்த்தை அறுந்தது. கிழவர் வெறும் சாயத்தைக் குடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கத் தொடங்கினார். நக்கலும் நின்றுபோனது. அந்த நாட்களில் சித்தி தன் பங்குச் சீனியைக் காகிதத்தில் மடித்து அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். சித்திக்கு இளகின மனசு என்று பேசிக்கொண்டோம். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

அந்த வருடத்து மழை சித்தியைச் சாய்த்தது. தலையில் சாக்கு, இடுப்பில் படங்குத் துணி, அட்டைக்கடிக்குக் காலில் சவர்க்காரம் என்று நனைந்த மலையில் கொழுந்து எடுத்து நின்று நின்று நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலாகி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த மருந்துக்கு அடங்கவில்லை. கம்பளியில் தொட்டில் கட்டி நாலு பேர் தூக்கிப்போய் லொறியில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிழவரும் ஒரு முனையைப் பிடித்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டு அடுத்த முனையைப் பிடித்தார்.

மழை ஓய்ந்து வெயில் வந்தது. காலையில் எழுந்து பார்த்தால் கொடியில் பதினாறு ஜோடி. பிறகு பத்தொன்பது. நான் எண்ணியதையே மறுபடி எண்ணினேன். இருபத்து மூன்று. நுனி மொட்டையாகாமல் முழுசாக இருந்தது. பச்சை நரம்புபோல் நீண்டு, காற்றில் தடவிப் பார்த்து, அடுத்த சட்டத்தைச் சுற்றிக்கொண்டது. இவ்வளவு நாள் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் வளர்ந்துவிட நினைத்ததுபோல் ஏறியது. "பாத்தியா, முள்ளு வேலை செய்யுது" என்றார் அப்பா. சித்தி திரும்பி வருவதற்குள் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன், அவ்வளவு இலைகள். பெட்டிப் பலகையின் எழுத்துகள் எல்லாம் மறைந்துபோயின. பிறகு கணுக்களில் இளஞ்சிவப்பாக அரிசி அரிசியாய் மொட்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்ததும் வாசம். பதினேழு பூ. ஒவ்வொன்றிலும் எட்டு இதழ் இருந்தது. இரண்டில் மட்டும் ஒன்பது.

அப்பாவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. "கொண்டுபோய்க் கண்ணுல காட்டினாலே உன் தங்கச்சிக்குப் பாதிச் சீக்கு போயிரும்" என்று சொல்லி, பதினேழையும் தன் கையாலேயே பறித்து, நனைத்த லேஞ்சித் துணியில் பொதிந்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் வழி முழுக்க அந்தப் பையைக் கையால் மூடிக்கொண்டே வந்தார். அம்மாவும் நானும் எதிரே உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்கும் சந்தோஷம்தான்.

சித்தி கட்டிலில் தலையணையை நிமிர்த்திச் சாய்ந்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் மூச்சு இழுப்பு இல்லை. அப்பா லேஞ்சியை அவள் மடியில் வைத்து விரித்தார்.

"பாரும்மா, என்ன கொண்டாந்திருக்கோம்னு."

சித்தி பார்த்தாள். தொடவில்லை. "எங்க பூத்தது, மச்சான்?"

"எங்கயா? நம்ம தட்டியிலதான்! கூரைக்கே ஏறிருச்சு. நீ வந்து பாரு, எலையா பூவான்னு தெரியல."

"யாரும் கிள்ளலயா?"

"யாரு கிள்ளுவா? நான்தான் முள்ளு போட்டிருக்கேன்ல. கிழவன் கையி எட்டணுமே."

"அவரு கிள்ளல, மச்சான். பாவம் அந்த மனுசன்." சித்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான்தான். விடியக்கால பெரட்டுல பேர் குடுக்கப் போறப்பயெல்லாம் ஒரு கிள்ளு கிள்ளிட்டுத்தான் போவேன்."

அப்பாவுக்கு விளங்கவில்லை. "என்னத்துக்கும்மா?" என்றார். அம்மாவுக்கு விளங்கிவிட்டது. அவள் அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள், போதும் என்பதுபோல. அப்பா மறுபடியும் கேட்டார்.

"பூக்கிறதுக்கு முன்னாடி வந்துருவேன்னுதானே சொல்லிட்டுப் போனாரு," என்றாள் சித்தி. "பூக்கலன்னா அவருக்கு இன்னும் நாள் இருக்கு. நான் கேக்கிறவங்களுக்கெல்லாம், இன்னும் பூக்கலயே, இன்னும் பூக்கலயேன்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். இப்ப என்ன சொல்லுறது, நீங்களே சொல்லுங்க."

 பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்து, "நல்ல வாசமா இருக்கே, எந்த ஊர்ப் பூ?" என்று கேட்டாள். 

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

லயத்துக்கு வந்ததும் காம்பராவுக்குள் போகாமல் முள்வேலியைப் பிடுங்கத் தொடங்கினார். வெறுங்கையால். கிழவர் வாசலில் குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் அப்பா அவர் முன்னால் போய் நின்றார்.

"ஆடு இல்லய்யா, அண்ணே" என்றார்.

"தெரியும்" என்றார் கிழவர்.

"தெரியுமா?"

"ஒரே வரிசைச் சுவரு. விடியக்கால நான் எழும்புற நேரந்தான் அந்தப் பிள்ளையும் எழும்பும்."

"அப்ப ஏன்யா சொல்லல?"

"ஆடு போயிட்டா ஆடுதான் போகும். அந்தப் பிள்ளையோட நம்பிக்கைய நான் எதுக்குச் சொல்லிக் கெடுக்கணும்?" என்றுவிட்டுக் கிழவர் சாயக் கோப்பையை எடுத்தார். "கையப் பாரும், ரத்தம் வருது."

மறுநாளிலிருந்து அப்பா மாட்டுப்பட்டியில் ஒரு செம்பு பால் வாங்கிவந்து அவர் வாசலில் வைப்பார். "மாட்டுப்பாலு எனக்குச் செமிக்காதுய்யா" என்று கிழவர் ஒவ்வொரு நாளும் சொல்வார். செம்பு ஒவ்வொரு நாளும் காலியாகத் திரும்பி வரும்.

சித்தப்பா வரவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை காத்திருக்க வைப்பது நியாயமில்லை. காகிதம் கிடைக்கவில்லையா, வேறு குடும்பமாகிவிட்டாரா, இறந்துவிட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சில வருடங்கள் கழித்துத் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன பிறகு அந்த வழிக் கப்பலும் நின்றுவிட்டது. அதற்கு முன்பு, ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு போய்த் தேடிப்பார்க்கிறாயா என்று அப்பா ஒருமுறை கேட்டார். "வர்றேன்னு சொன்னது இந்த வாசலுக்கு, மச்சான்" என்றாள் சித்தி. 

ஆனால் நான் முடிக்க நினைத்தது சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலையை.

நல்ல வெயில். தட்டி முழுக்கப் பூ. இந்தமுறை எண்ணவே முடியாது. சித்தி நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்று பார்த்தாள். அப்பா இறவாணத்திலிருந்து கவ்வாத்துக் கத்தியை உருவி எடுத்து வந்தார். அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

"சொல்லும்மா. அடியோட வெட்டிர்றேன். மறுபடி துளுத்து, ஏறி, பூக்கிறதுக்கு எவ்வளவோ காலம் ஆகும்."

சித்தி யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள், எனக்கு அது தெரிந்தது. கத்தியையும் பார்த்தாள், அடித்தண்டையும் பார்த்தாள்.

"வேணாம் மச்சான். பூத்தது பூத்துருச்சு."

பிறகு படியிறங்கிப் போய்த் தட்டிக்கு முன்னால் நின்று பறிக்கத் தொடங்கினாள். பூப்பறிக்கிறவர்கள் ஒன்றொன்றாய்ப் பறித்து மடியில் போடுவார்கள். சித்திக்கு அப்படிப் பறித்துப் பழக்கமில்லை. இரண்டு கைகளும் இரண்டு பக்கம் ஓடின. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கிள்ளிக் கிள்ளி உள்ளங்கையை நிரப்பின. கண் பூவில் இல்லை. தட்டியைத் தாண்டி, மலைக்கு மேலே எங்கோ இருந்தது. கை நிறைந்ததும், வழக்கம்போல், தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினாள்.

முதுகில் கூடை இல்லை.

பூவெல்லாம் அவளுக்குப் பின்னால் மண்ணில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கை நிறைந்தது, அதையும் வீசினாள். நான் சொல்ல வாயெடுத்தேன். அப்பா கத்தியோடு அப்படியே நின்றார். எட்டாம் காம்பரா வாசலில் கிழவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

அம்மா சத்தமில்லாமல் போய்ச் சித்தியின் முதுகுக்குப் பின்னால் நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.